புரி பொருந்தினால் போதுமா?

“உடம்புக்குள்ள கிடக்கிற சாமானையும் ஸ்பெயார்பாட்ஸ் மாதிரி நம்பர் போட்டு வைக்கிறாங்களாமே, உண்மையோ மாஸ்டர்?” என்று கேட்டார் அண்ணன். சாம்பல்தீவில் போட் என்ஜின் திருத்துகிறவர். மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். அவள் வீட்டில் சொன்ன ஏதோ ஒன்று அவர் மண்டைக்குள் கிடந்து குடைந்திருக்கிறது. நிலாவெளி வீதியோரத் தேத்தண்ணிக் கடையில் இரண்டு பிளேன்டீக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். உண்மைதான், ஆனால் அந்த வேலையில் பாதிதான் முடிந்திருக்கிறது என்றேன். முடிந்த பாதி எது, முடியாத பாதி எது என்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் கேட்டது செயற்கை உயிரியல் என்ற துறையின் மூல ஆசையைப் பற்றி. டி.என்.ஏ. துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஓர் இலக்கம், அது என்ன செய்யும் என்று ஒரு குறிப்புத்தாள். வேண்டியதை எடுத்து ஒன்றோடொன்று பொருத்தினால், வேண்டிய வேலையைச் செய்யும் கலம் கிடைக்கவேண்டும். அப்படி இலக்கம் பெற்றவற்றில் மனித உடம்பிலிருந்து வந்த ஒரு துண்டும் உண்டு: டெலோமரேஸ் பரம்பரை அலகின் புரோமோட்டர். சொன்னபடி கேட்காத துண்டு அது. அதனால்தான் பேசுவதற்கு அதையே எடுத்துக்கொண்டேன்.

புரோமோட்டர் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். நம் உடம்பின் கலங்களில் புரதம் செய்வதற்கான பரம்பரை அலகுகள் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன. ஈரல் கலத்திலும் அதே தொகுதி, தோல் கலத்திலும் அதே தொகுதி. ஆனாலும் ஈரல் ஈரலாகவும் தோல் தோலாகவும் இருக்கின்றன. எந்த அலகை வாசிப்பது, எதை வாசிக்காமல் விடுவது என்பதில்தான் வேறுபாடு. ஓர் அலகுக்கு முன்னால் சில நூறு எழுத்து நீளத்தில் ஒரு பகுதி உண்டு. ஆர்.என்.ஏ. பொலிமரேஸ் என்ற நொதியம் அங்கே வந்து அமர்ந்தால்தான் வாசிப்புத் தொடங்கும். அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும் வேறு புரதங்களில் சில அதை அமரவிடும், சில தடுக்கும். இந்தப் பகுதிக்குத்தான் புரோமோட்டர் என்று பெயர். எந்தக் கலத்தில், எப்போது, எவ்வளவு என்ற மூன்று கேள்விக்கும் விடை பெரும்பாலும் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது.

இனி டெலோமரேஸ். நம் நிறமூர்த்தங்களின் முனைகளில் டீ-டீ-ஏ-ஜீ-ஜீ-ஜீ என்ற ஆறெழுத்து திரும்பத் திரும்ப வரும். இந்த முனைக்கு டெலோமியர் என்று பெயர். டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் நொதியத்தால் கடைசி நுனியை முழுதாகப் படியெடுக்க முடியாது. ஆகவே கலம் ஒவ்வொரு தடவை பிரியும்போதும் சில பத்து எழுத்துகள் குறைகின்றன. சாதாரண மனிதக் கலம் ஏறத்தாழ 40 முதல் 60 தடவை பிரிந்தபின் நின்றுவிடுகிறது என்று 1961இல் ஃபிலடெல்ஃபியாவில் லெனார்ட் ஹேஃப்லிக்கும் போல் மூர்ஹெட்டும் காட்டினார்கள். ஏன் நிற்கிறது என்பதற்கான விடையின் முதல் துண்டு, குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒற்றைக்கல உயிரில் கிடைத்தது. அதன் நிறமூர்த்த முனையில் திரும்பத் திரும்ப வரும் எழுத்துகளை 1978இல் எலிசபெத் பிளாக்பேர்னும் ஜோசப் கோலும் படித்தறிந்தார்கள். அந்த முனையை நீட்டும் நொதியத்தின் அடையாளத்தை 1984ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று ஆய்வுகூடத்தில் கண்டவர் பிளாக்பேர்னின் மாணவி கரோல் கிரெய்டர். இருவருக்கும் ஜாக் சோஸ்டாக்குக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

டெலோமரேஸ் இரண்டு முக்கிய கூறுகளால் ஆனது. ஒன்று ஆர்.என்.ஏ.; எந்த எழுத்துகளைச் சேர்க்கவேண்டும் என்பதற்கு அதுதான் அச்சு. மற்றது டெர்ட் என்ற புரதம். எழுத்துகளைக் கோத்து நீட்டும் வேலை அதனுடையது. ஆர்.என்.ஏ. கூறு நம் உடம்பின் பெரும்பாலான கலங்களில் இருக்கிறது. இல்லாதது டெர்ட்தான். டெர்ட்டின் பரம்பரை அலகு 1997இல் பிரித்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, அதைச் சாதாரண மனிதக் கலங்களுக்குள் புகுத்தினால் அவை வழக்கமான எல்லையைத் தாண்டிப் பிரிகின்றன என்று அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே ஒரு கலத்தில் டெலோமரேஸ் உண்டா இல்லையா என்ற கேள்வி, டெர்ட்டின் புரோமோட்டர் அங்கே திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது.

அது எங்கே திறந்திருக்கிறது? 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வு 101 புற்றுக் கட்டி மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 90இல் டெலோமரேஸ் வேலை செய்துகொண்டிருந்தது. சாதாரண உடல் இழைய மாதிரிகள் 50ஐச் சோதித்தபோது ஒன்றில்கூட இல்லை. முடிவில்லாமல் பிரிய விரும்பும் புற்றுக்கலம் இந்த நொதியத்தை மறுபடி எழுப்பியாகவேண்டும். வளர்ந்த உடம்பின் மற்றக் கலங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையில்லை.

இதைக் கேட்டதும் பொறியியல் மனம் படைத்த எவருக்கும் ஓர் எண்ணம் தோன்றும். டெர்ட்டின் புரோமோட்டரை மட்டும் வெட்டியெடுத்து, அதன் பின்னால் கலத்தைக் கொல்லும் ஓர் அலகை வைத்தால் என்ன? புற்றுக்கலத்தில் மட்டும் அந்த அலகு வாசிக்கப்படும். பக்கத்தில் இருக்கும் நல்ல கலத்தில் அது பேசாமல் கிடக்கும். அண்ணனுக்கும் அதுதான் தோன்றியது. “அப்ப அந்தத் துண்ட எடுத்து ஒரு பெட்டிக்குள்ள வச்சா, எந்த டொக்டரும் எடுத்துப் பூட்டலாம்தானே?” என்றார்.

பெட்டிக்குள் வைக்கும் முறையை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள். அதைக் கண்டவர் உயிரியல் படித்து வளர்ந்தவர் அல்லர், கணினிப் பொறியாளர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த டொம் நைட் 2003இல் பயோபிரிக் என்ற விதியை எழுதினார். விதி சிறியது. ஒவ்வொரு துண்டின் முன்னாலும் பின்னாலும், வெட்டும் நொதியங்கள் அடையாளம் காணும் எழுத்துகளை ஒட்டிவிடவேண்டும். முன்னால் ஈக்கோஆர்-1, எக்ஸ்பிஏ-1. பின்னால் ஸ்பீ-1, பிஎஸ்டி-1. உலகத்தில் எங்கே செய்த துண்டாக இருந்தாலும் முனைகள் ஒன்றுதான். அண்ணனின் கடைக்கு வரும் ஸ்பார்க் பிளக்கும் அப்படித்தானே. எந்த நாட்டில் வார்த்த என்ஜினாக இருந்தாலும் 14 மில்லிமீற்றர் புரி என்றால் 14 மில்லிமீற்றர் புரிதான். அதனால்தான் திருமலைக் கடையில் வாங்கியது சாம்பல்தீவுப் போட்டில் ஏறுகிறது.

நைட்டின் விதிக்குள் இருக்கும் சூட்சுமம் கிட்ட வைத்துப் பார்க்கத் தக்கது. எக்ஸ்பிஏ-1 தேடுவது டீ-சீ-டீ-ஏ-ஜீ-ஏ. ஸ்பீ-1 தேடுவது ஏ-சீ-டீ-ஏ-ஜீ-டீ. இரண்டிலும் நடுவில் இருக்கும் நான்கெழுத்து ஒன்றே: சீ-டீ-ஏ-ஜீ. வெட்டும்போது இரண்டு நொதியமும் அந்த நான்கெழுத்தை ஒற்றை இழையாக நீட்டிவைக்கின்றன. ஆகவே முதல் துண்டின் ஸ்பீ-1 வாலும் இரண்டாம் துண்டின் எக்ஸ்பிஏ-1 தலையும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் கிடைப்பது ஏ-சீ-டீ-ஏ-ஜீ-ஏ. இது எக்ஸ்பிஏ-1 தேடுவதும் இல்லை, ஸ்பீ-1 தேடுவதும் இல்லை. அந்த மூட்டை இனி இந்த இரண்டு நொதியங்களில் எதுவும் வெட்டாது. வெளியே இரு பக்கமும் பழைய நான்கு அடையாளங்களும் அப்படியே இருக்கும். இரண்டு பாகம் சேர்ந்து உருவானதே ஒரு பாகமாகிவிட்டது. அதை மூன்றாவதோடு சேர்க்கலாம், அப்படியே போகலாம். கட்டாயமான நிபந்தனை ஒன்று உண்டு. இந்த அடையாள எழுத்துகளில் எதுவும் துண்டின் உள்ளே இருக்கக்கூடாது. இருந்தால் பொருத்தும்போது துண்டே நடுவில் அறுந்துவிடும்.

இந்த விதியின் மேல்தான் ஐஜெம் என்ற மாணவர் போட்டி எழுந்தது. எம்.ஐ.டி.யில் 2003 ஜனவரியில் ஒரு சிறு பாடநெறியாகத் தொடங்கி, 2004இல் ஐந்து அணிகளின் போட்டியானது. பிறகு உலகம் முழுக்கப் பரவியது. ஒவ்வோர் அணியும் தான் கட்டிய பாகங்களைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கும். அடுத்த ஆண்டு வருகிறவர்கள் அதை எடுத்துப் பயன்படுத்துவார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து 2008இல் சென்னை ஐ.ஐ.டி. மாணவர்கள் ஸ்ட்ரெஸ்கிட் என்ற பெயரில் ஒரு தொகுதியோடு போனார்கள். முழுக்க முழுக்கப் புரோமோட்டர்கள்தான். எஸ்செரிஷியா கோலை என்ற பற்றீரியாவில் பொலிமரேஸை இடத்துக்குக் கூட்டிச் செல்வது சிக்மா என்ற புரதம். அதில் பல வகை உண்டு. சூடு ஏறினால் சிக்மா-32 மேலெழும். உணவு தீர்ந்து வளர்ச்சி தேங்கினால் சிக்மா-38 மேலெழும். கலச்சவ்வுக்குச் சேதம் வந்தால் சிக்மா-24. நீந்தும் சவுக்குமுளையைக் கட்டுவதற்குச் சிக்மா-28. ஒவ்வொரு சிக்மாவுக்கும் உரிய புரோமோட்டரைப் பயோபிரிக் முனைகளோடு கட்டி, வேண்டாதபோது அடக்கிவைக்க லாக் என்ற தடுப்பானுக்கும் அதில் இடம் வைத்திருந்தார்கள். அந்தப் புரோமோட்டர்கள் எப்போதும் ஒரே அளவில் வேலை செய்பவை அல்ல. கலம் எந்த நெருக்கடியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எழுந்து அடங்குபவை. சூழ்நிலையைப் பார்த்து நடக்கும் குணத்தையே ஒரு பாகமாகக் கட்டலாம் என்று அந்த மாணவர்கள் எடுத்துக்கொண்டது சரியான திசை.

அண்ணன் இங்கே குறுக்கிட்டார். “ஒண்டு சொல்லட்டோ மாஸ்டர்? புரி பொருந்திச்செண்டு எல்லாப் பிளக்கையும் பூட்ட ஏலாது. சூட்டு நம்பர் எண்டு ஒண்டு கிடக்கு. அது மாறிச்செண்டா ஒண்டில் கரி பிடிக்கும், இல்லாட்டி பிஸ்டன் உருகும். பாக்க ரெண்டும் ஒரே சாமான்தான்.”

நான் சொல்ல வந்ததை அவரே சொல்லிவிட்டார். நைட்டின் விதி தரப்படுத்தியது புரியை. பூட்டியபின் என்ன நடக்கும் என்பதைப் பற்றி அந்த விதியில் ஒரு சொல்லும் இல்லை. பற்றீரியாவில் இதைச் சமாளிக்க ஒரு வழி கண்டார்கள். 2009இல் ஜேசன் கெல்லியும் கூட்டாளிகளும், புரோமோட்டரின் வேகத்தைத் தனி எண்ணாகச் சொல்வதை விட்டு, ஜே-23101 என்ற ஒரு குறிப்புப் புரோமோட்டரோடு ஒப்பிட்டுச் சொல்லலாம் என்று முன்வைத்தார்கள். இதன் அலகுக்குச் சார்புப் புரோமோட்டர் அலகு என்று பெயர். ஒரே புரோமோட்டரை வெவ்வேறு நிலைமைகளிலும் வெவ்வேறு கருவிகளிலும் அளந்தபோது எழுந்த முரண்பாடு, இப்படி ஒப்பிட்டுச் சொன்னதும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பாதி குறைந்ததே பெரிய வெற்றி. மீதிப் பாதி அப்படியே இருந்தது என்பதையும் மறக்கவேண்டாம்.

இனி டெர்ட்டின் புரோமோட்டரைப் பாகமாக வடிவமைக்க உட்காருவோம். முதல் கேள்வி, எவ்வளவு நீளம் வெட்டுவது? 1999இல் ஜப்பானின் கனசவா பல்கலைக்கழகத்தில் தகாகுராவும் கியோவும் சேர்ந்த குழு, அலகின் முன்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து எதுவரை குறைத்தால் வேலை நிற்கிறது என்று பார்த்தது. வாசிப்புத் தொடங்கும் இடத்துக்கு முன்னால் 181 எழுத்து இருந்தாலே புற்றுக்கலத்தில் அது வேலை செய்தது. அந்தச் சிறு பகுதிக்குள் எஸ்பி-1 என்ற புரதம் ஒட்டும் இடங்கள் பல உண்டு. மிக் என்ற புரதம் ஒட்டும் ஈ-பெட்டியும் உண்டு. மிக் பல புற்றுகளில் அளவுக்கு மீறி இருப்பது. அது ஒட்டினால் வாசிப்புக் கூடும். மேட் என்ற இன்னொரு புரதம் அதே இடத்துக்குப் போட்டி போடும்; அது ஒட்டினால் வாசிப்பு அடங்கும். பாடப்புத்தகத்தில் எல்லா மாணவரும் படிக்கும் டாட்டா பெட்டி இந்தப் புரோமோட்டரில் இல்லை.

181 எழுத்தோடு நிறுத்தினால் பாகம் கைக்கு அடக்கமாக இருக்கும், சிறிய வைரசுக்குள்ளும் இடம் பிடிக்கும். ஆனால் இன்னும் மேலே போகப் போக, நல்ல கலத்தில் இதை மூடிவைக்க உதவும் தடுப்பான்களின் இடங்களும் இருக்கின்றன. குறுக்கினால் அவற்றை இழப்போம். நீட்டினால் பாகம் பெருக்கும், அதற்குள் என்னென்ன இருக்கிறது என்ற கணக்கும் பெருக்கும். இதற்குப் பொதுவான விடை கிடையாது. எதற்காகப் பயன்படுத்தப் போகிறோம் என்பதைப் பார்த்துத்தான் வெட்டவேண்டும்.

இரண்டாவது சிக்கல் எழுத்துகளே. இந்தப் பகுதி முழுக்க ஜீயும் சீயும் நெருக்கமாக நிறைந்தது. அந்த இரண்டெழுத்தும் மற்ற இரண்டைவிட இறுகப் பிடித்துக்கொள்பவை. பி.சி.ஆரில் பெருக்கும்போது இழைகள் சரியாகப் பிரியாமல் தன்மேல் தானே மடிந்துகொள்ளும். ஆய்வுகூடத்தில் டைமெதில் சல்பொக்சைட் கொஞ்சம் சேர்த்து அதைத் தளர்த்துவது வழக்கம். இப்படிப்பட்ட துண்டில் தடைசெய்யப்பட்ட அடையாளங்களில் ஜீயும் சீயும் கூடியவை, அதாவது பிஎஸ்டி-1 தேடும் சீ-டீ-ஜீ-சீ-ஏ-ஜீ போன்றவை, தற்செயலாக வந்துவிட வாய்ப்பும் அதிகம்.

வந்துவிட்டால் என்ன செய்வது? புரதத்துக்கான பகுதியில் என்றால் இது பெரிய பிரச்சினையே இல்லை. ஒரே அமினோ அமிலத்துக்குப் பல மூவெழுத்துகள் உண்டு. லியூசீனுக்கு மட்டும் ஆறு. ஓர் எழுத்தை மாற்றினாலும் அதே புரதம் கிடைக்கும்படி மாற்றிவிடலாம். புரோமோட்டருக்கு அந்த வசதி இல்லை. அங்கே எழுத்துகள் எதற்கும் மொழிபெயர்ப்பு ஆவதில்லை. எழுத்தின் வடிவத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் புரதங்கள் ஒட்டுகின்றன. ஓர் எழுத்தை மாற்றினால் ஒட்டும் இடம் ஒன்று அழியலாம், இல்லாத இடம் ஒன்று பிறக்கலாம்.

இது வெறும் பயம் இல்லை. இயற்கையே செய்து காட்டிய உதாரணம் இதே புரோமோட்டரில் இருக்கிறது. 2013இல் அமெரிக்கக் குழு ஒன்றும் ஜெர்மானியக் குழு ஒன்றும் மெலனோமா என்ற தோல் புற்றில் டெர்ட் புரோமோட்டரைப் படித்தன. புரதம் தொடங்கும் இடத்திலிருந்து 124 எழுத்து முன்னாலோ 146 எழுத்து முன்னாலோ ஒரேயொரு சீ, டீயாக மாறியிருந்தது. எந்த இடத்தில் மாறினாலும் விளைவது ஒரே பதினோரெழுத்துத்தான்: சீ-சீ-சீ-சீ-டீ-டீ-சீ-சீ-ஜீ-ஜீ-ஜீ. ஈடிஎஸ் குடும்பத்துப் புரதங்கள் ஒட்டுவதற்கு ஏற்ற இடம் அது. முன்பு அங்கே அப்படி ஓர் இடம் இருக்கவில்லை. ஆய்வுகூடச் சோதனையில் அந்த ஓரெழுத்து மாற்றம் புரோமோட்டரின் வேகத்தை இரண்டு முதல் நான்கு மடங்காக்கியது. மூளையில் வரும் கிளையோபிளாஸ்டோமா, சிறுநீர்ப்பைப் புற்று, ஈரல் புற்று ஆகியவற்றிலும் இதே மாற்றங்கள் அடிக்கடி தென்படுகின்றன.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்து மரபியல் ஆய்வாளர்கள் இதே இரண்டு இடங்களை நம் பக்கத்துப் புற்றுகளில் தேடினார்கள். கருப்பை வாய்ப் புற்றிலும் வாய்ப் புற்றிலும் அந்த மாற்றங்கள் அடிக்கடி வருகின்றன என்று 2016இல் எழுதினார்கள். இலங்கை ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்று வாய்ப் புற்றுதான். வெற்றிலையோடு மெல்லும் பாக்கும் புகையிலையும் அதற்கு முதற்காரணம். இதைச் சொன்னபோது அண்ணன் மடியிலிருந்த வெற்றிலைச் சரையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைப் படையோ இருந்தால் அரச ஆஸ்பத்திரியின் பல் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள் என்றேன். காசு கேட்கமாட்டார்கள். புரோமோட்டர் ஆராய்ச்சி நோயாளியிடம் வந்து சேர்வதற்கு முன் அதுதான் உயிரைக் காப்பாற்றும்.

இந்தப் பாகத்தை யாராவது பூட்டிப் பார்த்தார்களா? பார்த்தார்கள். 2010இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் மாணவர் அணி, ஏ.ஏ.வி. என்ற சிறு வைரசை நமக்கு வேண்டியபடி கட்டுவதற்கான பாகத் தொகுதி ஒன்றை ஐஜெம் போட்டிக்காகச் செய்தது. வைரசின் மேலுறையைப் புற்றுக்கலத்தின் மேற்பரப்பில் ஒட்டும்படி மாற்றியிருந்தார்கள். உள்ளே டெர்ட் புரோமோட்டரையும், தீங்கற்ற மருந்தைக் கலத்துக்குள் நஞ்சாக மாற்றும் நொதியங்களின் அலகுகளையும் பாகங்களாக வைத்தார்கள். முதல் பூட்டு வெளியே, இரண்டாம் பூட்டு உள்ளே என்ற ஏற்பாடு. ஒன்று தவறினாலும் மற்றது காக்கும்.

ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்தில் வேறு வழியில் போனார்கள். அடினோவைரஸ் பெருகவேண்டுமானால் அதன் ஈ-1 அலகுகள் வாசிக்கப்படவேண்டும். அவற்றின் சொந்தப் புரோமோட்டரை நீக்கி டெர்ட்டின் புரோமோட்டரை வைத்தார்கள். புற்றுக்கலத்தில் வைரஸ் பெருகி அதைப் பிளக்கும். டெலோமரேஸ் இல்லாத கலத்தில் பெருக வழியில்லை. டெலோமெலைசின் என்று பெயரிட்ட அந்த வைரஸ் உணவுக்குழாய்ப் புற்று நோயாளிகளில் கதிர்ச் சிகிச்சையோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டிருக்கிறது. அதே வைரசோடு பச்சையாய் ஒளிரும் புரதத்தைச் சேர்த்து, புற்றுக்கலங்களைக் கண்ணால் காண்பதற்கும் ஒரு வடிவம் செய்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு வேலைக்கும் புரோமோட்டர் ஒன்றுதான், ஆனால் அதனிடம் எதிர்பார்ப்பது ஒன்று அல்ல. நஞ்சை உண்டாக்கும் அலகுக்கு முன்னால் வைத்தால், நல்ல கலத்தில் கொஞ்சம் கசிந்தாலும் அந்தக் கலம் சாகும். ஒளிரும் புரதத்துக்கு முன்னால் வைத்தால், அதே கசிவு ஒரு மங்கல் வெளிச்சம் மட்டுமே. எவ்வளவு கசிவைப் பொறுக்கலாம் என்பது பாகத்தில் இல்லை, பயனில் இருக்கிறது.

ஆகவே இந்தப் பாகத்தின் குறிப்புத்தாளை எழுதுகிறவர் வேகம் இவ்வளவு என்று ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போக முடியாது. சூழ்நிலைக்கேற்ப மாறுவதுதான் இதன் வேலையே. எல்லாக் கலத்திலும் ஒரே எண் வந்தால் அந்தப் பாகம் கெட்டுப்போயிற்று என்று பொருள். அதனால் ஓர் எண்ணுக்குப் பதில் ஓர் அட்டவணை வேண்டும். நான் எழுதினால் குறைந்தது மூன்று வகைக் கலங்களில் சோதிக்கச் சொல்வேன். முதலாவது, டெலோமரேஸ் நன்றாக வேலை செய்யும் புற்றுக்கலம். 1951இல் பால்டிமோரில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணிடமிருந்து எடுத்து இன்றுவரை வளர்த்துவரும் ஹீலா கலங்கள் அதற்குப் பொருந்தும். இரண்டாவது, சாதாரண மனிதக் கலம். ஹேஃப்லிக்கே வளர்த்தெடுத்த டபிள்யூ.ஐ.-38 என்ற நுரையீரல் கலங்களை வைக்கலாம். மூன்றாவதைத்தான் பலரும் மறப்பார்கள்: டெலோமரேஸ் இல்லாத புற்றுக்கலம். பத்தில் ஒன்று அளவிலான புற்றுகள் டெலோமரேஸைத் தொடாமல் வேறு வழியில் தம் முனையை நீட்டிக்கொள்கின்றன. எலும்புப் புற்றிலிருந்து வந்த யூ-2-ஓஎஸ் கலங்கள் அந்த வகை. அங்கே இந்தப் பாகம் பேசாமல்தான் இருக்கும். அதைத் தாளில் எழுதாவிட்டால், வாசிக்கும் மருத்துவர் எல்லாப் புற்றிலும் வேலை செய்யும் என்று நம்பிவிடுவார்.

அளக்கும்போது பக்கத்தில் என்ன வைப்பது என்பதும் எளிதான கேள்வி இல்லை. பற்றீரியாவில் ஜே-23101 இருந்தது. மனிதக் கலத்தில் வழக்கமாக வைப்பது சி.எம்.வி. என்ற வைரசின் வலுவான புரோமோட்டர். ஆனால் அதுவே கலத்துக்குக் கலம் கூடிக் குறையும். அளவுகோலே நீண்டு சுருங்கினால் அளவு எப்படிச் சரிவரும்? ஆகவே மின்மினியின் ஒளிப் புரதத்தைச் சோதிக்கும் புரோமோட்டருக்கும், ரெனில்லா என்ற கடலுயிரின் ஒளிப் புரதத்தை ஒப்பீட்டுக்கும் என்று ஒரே கலத்தில் இரண்டையும் வைத்து அளப்பார்கள். புரோமோட்டரே இல்லாத வெறும் அமைப்பையும் சேர்த்து அளந்தால்தான் கசிவு எது, பின்னணி எது என்று பிரிக்கலாம்.

இவ்வளவு செய்தாலும் ஓர் இடைவெளி இருக்கும். நம் ஐந்தாம் நிறமூர்த்தத்தில், முனைக்கு அருகில், டெர்ட்டின் சொந்த இடத்தில் அதைச் சுற்றி ஹிஸ்டோன் புரதங்கள் இறுகச் சுற்றியிருக்கின்றன. நல்ல கலத்தில் அந்தச் சுற்றே ஒரு பெரிய தடுப்பு. புரோமோட்டரை வெட்டி வட்டமான பிளாஸ்மிட்டில் வைத்துக் கலத்துக்குள் விட்டால், அந்தச் சுற்று அதேபடி கூட வருவதில்லை. சொந்த இடத்தில் மூடிக்கிடந்தது வெளியே கொஞ்சம் திறந்து பார்க்கும். வெட்டியெடுத்தது எழுத்துகளை மட்டும். அந்த எழுத்துகளைச் சுற்றியிருந்த அயலை எடுக்கவில்லை. இதுபோக, நம் உடம்பின் மூலக்கலங்கள், இனப்பெருக்கக் கலங்கள், நோயோடு போரிட எழும் வெள்ளைக் கலங்கள் ஆகியவற்றிலும் டெலோமரேஸ் உண்டு. புற்றுக்கு மட்டுமே உரிய புரோமோட்டர் என்று எழுதுவது அதனால் சரியில்லை. பெரும்பாலான புற்றுகளில் திறந்தும் பெரும்பாலான நல்ல கலங்களில் மூடியும் இருப்பது என்றுதான் எழுதவேண்டும்.

“அப்ப என்ர மகளுக்கு என்ன சொல்ல?” என்றார் அண்ணன்.

பள்ளி மாணவர்களுக்கும் ஐஜெம்மில் தனிப் பிரிவு இருக்கிறது. பாகக் களஞ்சியம் யாரும் பார்க்கக்கூடியது. உயர்தரப் பாடத்தில் டி.என்.ஏ. படித்த பிள்ளைக்கு அங்கே ஒரு பாகத்தின் தாளை எடுத்து வாசிக்கத் தெரியும். அவளும், அவளைப்போல் படிக்கிற மற்றப் பிள்ளைகளும், பத்திரிகையில் புற்றுக்கலத்தை மட்டும் தேடிக் கொல்லும் கண்டுபிடிப்பு என்று செய்தி படிக்கிற நாமும் மூன்று கேள்வி கேட்டுப் பழகவேண்டும். எந்தெந்தக் கலத்தில் சோதித்தார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்? நல்ல கலத்தில் எவ்வளவு கசிந்தது? இந்த மூன்றுக்கும் தாளில் விடை இருந்தால் அது பாகம். இல்லாவிட்டால் அது இலக்கம் போட்ட ஒரு துண்டு டி.என்.ஏ. மட்டுமே.